செயலின் நடுவே நிற்பது

தாத்தா ஒருவர் கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்தார். வாசலில் யாரோ கூப்பிட, கோடரியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு எழுந்து போனார். அன்றைக்கு அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. அவர் விறகு பிளந்தாரா என்று கேட்டால் பிளந்தார் என்றுதான் சொல்வோம். நாலைந்து கட்டையாவது பிளந்து கிடக்கும். இன்னொரு தாத்தா வீடு கட்டிக்கொண்டிருந்தார். சுவர் நெஞ்சளவு எழும்பியபோது கைப்பணம் தீர்ந்து வேலை நின்றது. கொஞ்ச நாளில் அவரும் போய்ச் சேர்ந்தார். அவர் வீடு கட்டினாரா? ஆமாம் என்று சொல்ல வாய் வராது. கட்டிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் சொன்னாலும் இதே கதைதான். ‘ஹி வாஸ் சாப்பிங் வுட்’ என்பது உண்மையானால் ‘ஹி சாப்ட் வுட்’ என்பதும் உண்மை. ‘ஹி வாஸ் பில்டிங் எ ஹவுஸ்’ என்பதை வைத்துக்கொண்டு ‘ஹி பில்ட் எ ஹவுஸ்’ என்று முடிவுகட்ட முடியாது. இரண்டிலும் அதே ‘வாஸ்’, அதே ஐஎன்ஜி. ஒன்றில் காரியம் நடந்ததற்கு உறுதி கிடைக்கிறது, மற்றதில் கிடைக்கவில்லை. இலக்கண வடிவம் ஒன்றாக இருக்க, வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

1957-ல் ஸீனோ வெண்ட்லர் என்ற தத்துவ அறிஞர், வினைச்சொற்களை அவற்றுக்குள் காலம் ஓடும் விதத்தை வைத்து நான்கு கூட்டமாகப் பிரித்தார். தெரிந்திருப்பது, பிடித்திருப்பது போன்றவை வெறும் நிலைகள். அவற்றில் எதுவும் ‘நடப்பதில்லை’. ஓடுவது, சிரிப்பது, விறகு பிளப்பது போன்றவற்றை எந்த இடத்தில் நறுக்கினாலும் நறுக்கிய துண்டும் அதே செயல்தான். வீடு கட்டுவது, வட்டம் வரைவது போன்றவற்றுக்கு ஒரு முடிவுப்புள்ளி உண்டு. அதைத் தொட்டால்தான் அந்தப் பெயருக்கே தகுதி. நான்காவது கூட்டம் கணத்தில் நிகழ்ந்துவிடுபவை: உச்சியை அடைவது, தொலைந்ததைக் கண்டுபிடிப்பது. ஐஎன்ஜி ஒட்டும்போது இந்த நான்கும் நான்கு விதமாக நடந்துகொள்கின்றன. விறகில் துண்டும் முழுமையும் ஒன்று. வீட்டில் துண்டு வேறு, முழுமை வேறு.

இதில் இன்னும் ஆழமான ஒரு சிக்கல் இருப்பதை 1970களில் டேவிட் டௌட்டி என்ற மொழியியலாளர் எடுத்துக்காட்டினார். அந்தத் தாத்தா கட்டிக்கொண்டிருந்தது எதை? வீடு என்கிறோம். ஆனால் அந்த வீடு எந்தக் காலத்திலும் இருந்ததே இல்லை. இல்லாத ஒரு பொருளைப் பற்றி உண்மையான ஒரு வாக்கியத்தை எப்படிச் சொல்ல முடிகிறது? டௌட்டியின் பதில் எனக்கு மிகவும் பிடித்தமானது. தடை எதுவும் குறுக்கிடாமல் காரியம் அதன் போக்கில் போயிருந்தால் என்ன ஆகியிருக்குமோ, அந்த நடவாத உலகங்களையும் ஐஎன்ஜி எட்டிப் பார்க்கிறது என்றார். பணம் தீராமல், உயிர் போகாமல் இருந்திருந்தால் அங்கே ஒரு வீடு நின்றிருக்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எழுதும் ஒரு சாதாரண வாக்கியத்துக்குள் இத்தனை உலகங்கள் மடிந்து கிடக்கின்றன.

பள்ளியில் நமக்குக் கற்றுத்தந்தது வேறு. ‘இப்போது நடந்துகொண்டிருந்தால் ப்ரெசன்ட் கன்டினியூவஸ், அப்போது நடந்துகொண்டிருந்தால் பாஸ்ட் கன்டினியூவஸ்.’ இதில் தவறு இல்லை. ஆனால் பாதிதான் இருக்கிறது. காலத்தைக் காட்டும் வேலையை ஆம், இஸ், வாஸ், வேர் பார்த்துக்கொள்கின்றன. ஐஎன்ஜி செய்வது வேறு வேலை: பார்ப்பவரை எங்கே நிறுத்துவது என்று அது முடிவு செய்கிறது. பெர்னார்ட் காம்ரி 1976-ல் எழுதிய சிறு நூல் இதைத் தெளிவாக வகுத்துக் காட்டியது. ஒரு செயலை வெளியே நின்று, தொடக்கமும் முடிவும் சேர்த்து ஒரே பொட்டலமாகப் பார்க்கலாம். அல்லது உள்ளே போய் நின்று பார்க்கலாம். அப்போது இரண்டு ஓரங்களும் கண்ணுக்குத் தெரியாது. காலம் வேறு, இந்த நோக்கு வேறு. மொழியியலில் இதற்கு வினைநோக்கு என்று தனிப்பெயர் உண்டு. பள்ளியில் ‘பன்னிரண்டு டென்ஸ்’ என்று ஒரே அட்டவணையில் இரண்டையும் பிசைந்து கொடுத்துவிட்டார்கள். மாணவர்கள் குழம்புவதற்குப் பெரிய காரணம் அந்த அட்டவணைதான் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரு வாக்கியத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ‘வென் மை மதர் கேம், ஐ குக்ட்.’ அம்மா வந்தார், அதன் பிறகு நான் சமைத்தேன். அவர் படியேறும்போது அடுப்பு எரியவில்லை. வந்தவருக்காகவே உலை வைத்ததாகக்கூட இதற்குப் பொருள் கொள்ளலாம். இப்போது குக்ட் என்பதை வாஸ் குக்கிங் என்று மாற்றுவோம். அம்மா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தாளிக்கும் மணம் அவரை எதிர்கொள்கிறது. சமையல் எப்போது தொடங்கியது, எப்போது முடியப் போகிறது, எதுவும் தெரியாது. நடுவில் ஒரு புள்ளி, அந்தப் புள்ளியில் அம்மா உள்ளே நுழைகிறார். ஹான்ஸ் ரைக்கன்பாக் 1947-ல் வகுத்துத் தந்த முறையில் சொன்னால், பேசும் நேரம், செயல் நடக்கும் நேரம் இரண்டும் போதாது. நாம் எங்கே நின்று பார்க்கிறோம் என்ற மூன்றாவது நேரமும் வேண்டும். அம்மாவின் வருகைதான் இங்கே அந்த மூன்றாவது நேரம். பாஸ்ட் கன்டினியூவஸ் பெரும்பாலும் தனியாக நிற்காமல் இப்படி இன்னொரு வாக்கியத்தைத் துணைக்குத் தேடுவது இதனால்தான். ‘ஐ வாஸ் வாக்கிங்’ என்று மட்டும் ஒருவர் சொல்லி நிறுத்தினால், ‘சரி, அப்புறம் என்ன ஆச்சு?’ என்று நம் மனம் தானாகவே கேட்கும்.

‘ஐ ஆம் லீவிங் டுமாரோ’ என்று நாளைய பயணத்துக்கும் இதே வடிவம் வருவது முதலில் விநோதமாகத் தோன்றும். டிக்கெட் எடுத்தாகிவிட்டது, பெட்டி கட்டியாகிறது. பயணம் என்ற ஏற்பாட்டுக்குள் அவர் ஏற்கெனவே காலை வைத்துவிட்டார் என்று கொண்டால் விநோதம் தீர்ந்துவிடும்.

இந்த வடிவம் ஆங்கிலத்தில் ஆதியிலிருந்தே இப்படி ஆட்சி செய்யவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் இரண்டு தனித்தனி ஓடைகள் இருந்தன. ஒன்று, ‘-எண்டெ’ என்று முடியும் எச்சத்தோடு ‘இரு’ என்னும் வினை சேர்ந்தது. மற்றது, ‘வேட்டையில் இருந்தான்’ என்பதுபோல, ‘ஆன்’ என்ற இடச்சொல்லோடு ‘-உங்’, ‘-இங்’ என்று முடியும் தொழிற்பெயர் சேர்ந்தது. நடுக்கால ஆங்கிலத்தில் அந்த எச்சத்தின் ஈறும் ‘-இங்’ ஆகிவிட, இரண்டு ஓடைகளையும் பிரித்துச் சொல்ல முடியாமல் போயிற்று. ‘ஆன்’ என்பது தேய்ந்து ‘அ’ என்று ஒட்டிக்கொண்டது: அ-ஹண்டிங், அ-கமிங். அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதிப் பேச்சில் இந்த ‘அ’ 20-ஆம் நூற்றாண்டிலும் உயிரோடு இருந்ததை வால்ட் வுல்ஃப்ரம் 1970களில் ஆராய்ந்து எழுதினார்.

1600-ஐ ஒட்டி ஷேக்ஸ்பியர் எழுதிய ஹாம்லெட் நாடகத்தில், கையில் புத்தகத்தோடு வரும் இளவரசனிடம் என்ன படிக்கிறீர்கள் என்று பொலோனியஸ் கேட்கும் காட்சி வருகிறது. அவர் கேட்பது ஐஎன்ஜி இல்லாத, ‘டூ’ போட்ட சாதா நிகழ்காலத்தில். இன்றைய வகுப்பில் ஒரு மாணவர் அப்படி எழுதினால் சிவப்பு மை விழும். அன்றைக்கு இரண்டு வடிவமும் செல்லும். எது வேண்டுமோ சொல்லலாம். கண்முன் நடப்பதற்கு ஐஎன்ஜி கட்டாயம் என்ற நிலை அதன் பிறகுதான் வந்து இறுகியது.

செயப்பாட்டுக்கு ஐஎன்ஜி வந்த கதை இன்னும் பிந்தியது. வீடு கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது என்பதை 18-ஆம் நூற்றாண்டுவரை ‘த ஹவுஸ் இஸ் பில்டிங்’ என்றுதான் சொன்னார்கள். அந்த நூற்றாண்டின் கடைசிப் பகுதியில்தான் ‘இஸ் பீயிங் பில்ட்’ எழுத்தில் தலைகாட்டியது. படித்தவர்களில் பலர் முகம் சுளித்தார்கள். அமெரிக்க எழுத்தாளர் ரிச்சர்ட் கிராண்ட் ஒயிட் 1870-ல் வெளியிட்ட சொற்களைப் பற்றிய நூலில் இதைக் கண்டிக்கவே ஓர் அத்தியாயத்தை ஒதுக்கினார். இன்று அந்த வடிவம் இல்லாமல் செய்தித்தாளில் ஒரு பக்கம் நிரப்ப முடியாது. இலக்கணம் கல்லில் வெட்டியது என்று நம்புகிறவர்கள் இந்தக் கதையை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

‘வேட்டையில் இருந்தான்’ என்ற அந்தப் பழைய அமைப்பை மறுபடி பாருங்கள். செயலை ஓர் இடமாக்கி, ஆளை அதற்குள் வைத்திருக்கிறார்கள். இது ஆங்கிலத்துக்கு மட்டும் வந்த யோசனை இல்லை. அண்டை மொழியான வெல்ஷில் ‘அவள் பாடுவதில் இருக்கிறாள்’ என்ற மாதிரியான அமைப்பு ஊறிப்போன ஒன்று. ஆங்கிலம் இதை அங்கிருந்துதான் பெற்றதா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். டச்சு மொழியிலும், ரைன் நதிக்கரை ஜெர்மன் பேச்சிலும் இதைப் போன்ற இடச்சொல் அமைப்பு உண்டு. உலக மொழிகள் பலவற்றை ஒப்பிட்டு ஜோன் பைபீயும் அவருடைய கூட்டாளிகளும் 1994-ல் வெளியிட்ட ஆய்வு, தொடர்வினை வடிவங்களுக்கு மிக வழக்கமான பிறப்பிடம் இடத்தைக் குறிக்கும் சொற்கள்தான் என்று காட்டியது. இந்தியில் ‘ரஹா’ என்பது தங்குதல். நம்முடைய ‘எழுதிக்கொண்டு இருக்கிறான்’ என்பதில் உள்ள ‘இரு’ எது? திண்ணையில் இரு, வீட்டில் இரு என்று சொல்லும் அதே ‘இரு’. செயலுக்குள் ஆளை உட்கார்த்தி வைப்பது நமக்கும் பழக்கமானதுதான்.

குழந்தைகளிடம் வருவோம், இந்த விஷயத்தில் எனக்குப் பெரிய வியப்பு அங்கேதான் இருக்கிறது. ஹார்வர்டில் ரோஜர் பிரவுன், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் மூன்று குழந்தைகளின் பேச்சைத் தொடர்ந்து பதிவு செய்து, 1973-ல் நூலாக வெளியிட்டார். 14 சின்னஞ்சிறு இலக்கண உறுப்புகள் எந்த வரிசையில் வாய்க்கு வருகின்றன என்று கணக்கெடுத்தார். முதலில் வந்தது ஐஎன்ஜி. ஆனால் அதோடு வரவேண்டிய துணைவினை வரவில்லை. ‘மம்மி ஈட்டிங்’ என்றுதான் பேசின. ‘மம்மிஸ் ஈட்டிங்’ என்பதில் ஒட்டி ஒலிக்கும் அந்தக் குட்டி ‘ஸ்’, பட்டியலில் 14-ஆவதாக, எல்லாவற்றுக்கும் கடைசியில் வந்தது. உள்ளே நின்று பார்ப்பதைக் குழந்தை முதலில் பிடித்துக்கொள்கிறது. எந்தக் காலம், யார் என்ற கணக்கெல்லாம் பிறகு. நம் வகுப்பறைகளில் ஆம், இஸ், ஆர் என்று மனப்பாடம் செய்யவைத்துவிட்டு, பிறகு ஐஎன்ஜிக்குப் போகிறோம். வரிசையே தலைகீழ்.

பிரவுன் இன்னொன்றையும் கவனித்தார். குழந்தைகள் விதியைப் பிடித்துக்கொண்டால் அளவுக்கு மீறி ஓட்டுவார்கள். வென்ட் என்பதற்கு ‘கோட்’ என்பார்கள், ஃபீட் என்பதற்கு ‘ஃபூட்ஸ்’ என்பார்கள். ஆனால் ஐஎன்ஜியை மட்டும் அப்படி ஓட்டுவது மிக அரிது. வான்ட், நோ போன்ற நிலைச் சொற்களை அந்தக் குழந்தைகளும் நாள் முழுக்கச் சொல்கிறார்கள். ‘வான்ட்டிங்’, ‘நோயிங்’ என்று சொல்வதில்லை. இவற்றில் சேர்க்காதே என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. நிலைக்கும் செயலுக்கும் இடையிலான கோடு அவ்வளவு சீக்கிரம் மனத்தில் விழுந்துவிடுகிறது.

அப்படியானால் ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்று நம்மில் பலர் சொல்வது எதனால்? தமிழின் தாக்கம் என்று சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ‘எனக்கு இரண்டு தம்பிகள் இருந்துகொண்டிருக்கிறார்கள்’ என்று எந்தத் தமிழர் சொல்வார்? நிலைச் சொல்லோடு ‘கொண்டிரு’ ஒட்டாது என்ற உணர்வு நமக்கும் உண்டு. கோளாறு வேறு இடத்தில். நம் ‘-கிற்-’ நிகழ்காலம் இரண்டு வேலை பார்க்கும். ‘என்ன பண்றீங்க?’ என்ற ஒரே கேள்விக்கு, மில்லில் வேலை பார்க்கிறேன் என்றும் சொல்லலாம், பேப்பர் படிக்கிறேன் என்றும் சொல்லலாம். ஆங்கிலத்தில் முதலாவதற்கு ‘வாட் டூ யூ டூ’, இரண்டாவதற்கு ‘வாட் ஆர் யூ டூயிங்’. நம் காதில் விழுவது ஒன்று. அங்கே கதவு இரண்டு. எந்தக் கதவு எதற்கு என்று சொல்லித் தராமல், இருக்கிறேன் என்றால் ஆம், செய்கிறேன் என்றால் ஐஎன்ஜி என்று ஒட்டவைத்துக் கொடுத்தால் பிள்ளை எல்லா இடத்திலும் ஒரே கதவைத் தட்டும். நைஜீரியா, கென்யா, சிங்கப்பூர் ஆங்கிலங்களிலும் இதே போக்கு உண்டு. அங்கெல்லாம் தமிழ் போய்க் கெடுக்கவில்லை. நிஸிம் எசக்கியேல், மிஸ் புஷ்பா டி.எஸ்.ஸின் வழியனுப்பு விழாவை வைத்து எழுதிய கவிதை முழுக்க இந்த ஐஎன்ஜிகளால் நெய்தது. அதைப் படித்துச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் கேட்பது, அன்பைச் சொல்லத் துடிக்கும் ஒரு மனிதரின் குரல்.

தாய்மொழியாகப் பேசுகிறவர்களிடமும் கோடு நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. மெக்டொனால்ட்ஸ் 2003-ல் தன் விளம்பர வாசகத்தில் ‘லவ்’ என்ற நிலைச் சொல்லுக்கு ஐஎன்ஜி போட்டது. அதன் அர்த்தமே அந்த மீறலில்தான் இருக்கிறது: எனக்கு இது பிடிக்கும் என்ற பொதுவான தகவலாக இல்லாமல், இதோ இந்தக் கடியில், இந்த நொடியில் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று நாக்கை நடுவில் நிறுத்துகிறது.

இப்படி நடுவில் நிறுத்தும் பழக்கம் கண்ணையும் மாற்றுமா? ஜெர்மன் மொழியில் ஆங்கிலம்போலக் கட்டாயமான தொடர்வினை கிடையாது. பனோஸ் அதனாசோபுலோஸும் எமானுவேல் பைலுண்டும் மற்றும் சிலரும் 2015-ல் வெளியிட்ட ஆய்வில் சிறு காணொளிகளைக் காட்டினார்கள். ஒரு பெண் நிறுத்தியிருக்கும் காரை நோக்கி நடக்கிறாள். போய்ச் சேர்வதைக் காட்டுவதில்லை. இது, ஒருவர் கட்டடத்துக்குள் நுழையும் காட்சியைப் போன்றதா, அல்லது போக்கிடம் தெரியாமல் சாலையில் நடக்கும் காட்சியைப் போன்றதா? ஜெர்மன் மட்டும் அறிந்தவர்கள் சுமார் 40 விழுக்காடு தடவை, போய்ச் சேரும் காட்சியோடு இணைத்தார்கள். ஆங்கிலம் மட்டும் அறிந்தவர்கள் சுமார் 25 விழுக்காடுதான். இரண்டும் அறிந்தவர்களை ஒரு மொழியில் எண்களை உரக்கச் சொல்லவைத்து அந்த மொழியை ‘வேலையில்’ கட்டிப்போட்டபோது, மற்ற மொழியின் சாயல் தேர்வில் தெரிந்தது. நடுவிலே எண் சொல்லும் மொழியை மாற்றினால் சாயலும் மாறியது. ஒரே ஆள், ஒரே நாற்காலி, சில நிமிட இடைவெளி.

இந்தத் துறையில் உற்சாகத்தோடு எச்சரிக்கையும் வேண்டும். 2011-ல் வில்லியம் ஹார்ட்டும் டொலோரெஸ் அல்பராசினும் ஒரு துப்பாக்கிச் சூட்டு விவரத்தைச் சிலருக்கு ‘சுட்டான்’ என்றும் சிலருக்கு ‘சுட்டுக்கொண்டிருந்தான்’ என்றும் படிக்கக் கொடுத்தார்கள். இரண்டாவதைப் படித்தவர்கள், அவன் வேண்டுமென்றே செய்தான் என்று அதிகமாக எண்ணியதாக முடிவு வந்தது. ஒரு விகுதி ஒருவனைக் குற்றவாளியாக்கும் என்றால் சாதாரண விஷயமா? 2016-ல் பல ஆய்வகங்கள் சேர்ந்து, முன்கூட்டியே பதிவு செய்த திட்டப்படி அதே சோதனையைத் திரும்பச் செய்தன. முதலில் சொன்ன விளைவு கிடைக்கவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆனால் நீதிமன்றத்தில் தொடர்வினைக்கு வேலையே இல்லை என்று இதனால் ஆகிவிடாது. ஆபத்து வேறொரு மூலையில் இருக்கிறது. அது தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும் வழியில். ‘அவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டிருந்தான்’ என்று ஒரு சாட்சி சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இதற்கு இரண்டு பொருள். ‘போடு’ என்பதோடு ‘கொண்டிரு’ சேர்ந்தால், கையை நுழைத்துப் பொத்தானை மாட்டும் செயலின் நடுவில் அவன் இருக்கிறான். ‘போட்டுக்கொள்’ என்பதோடு ‘இரு’ சேர்ந்தால், போட்டு முடித்தாயிற்று. சட்டை அவன் உடம்பில் இருக்கிறது. எழுத்திலும் ஒலியிலும் இரண்டும் ஒன்றே. கண்ணாடி, சேலை, செருப்பு என்று உடம்பில் அணியும் எதற்கும் இதே இரட்டைப் பொருள் வரும். நாம் பேசும்போது சூழலை வைத்துப் புரிந்துகொள்கிறோம்; குழப்பம் இருப்பதே தெரிவதில்லை.

தமிழில் பதிவான அந்தச் சாட்சியம் மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றத்துக்குப் போகும்போது ஆங்கிலத்தில் பெயர்க்கப்படும். ஆங்கிலம் இங்கே இரண்டு தனிச் சொற்களைக் கேட்கிறது: ‘வாஸ் வேரிங்’ அல்லது ‘வாஸ் புட்டிங் ஆன்’. முதலாவது, அடையாளம் சொல்லும் ஒரு விவரம் மட்டுமே. இரண்டாவது, அந்த இடத்தில் அந்த நேரத்தில் அவன் சட்டையைக் கழற்றியிருந்தான், சாட்சி பார்த்தபோது அவசரமாக மாட்டிக்கொண்டிருந்தான் என்று ஒரு முழுக் கதையையே உள்ளே கொண்டுவரும். பெயர்ப்பவர் மேசையில் இருப்பது காகிதம் மட்டும்; சாட்சியின் முகமோ கையசைவோ அவரிடம் இல்லை. ‘போட்டுக்கிட்டிருந்தான்னா, போட்டு முடிச்சிருந்தானா, இல்ல அப்பத்தான் மாட்டிக்கிட்டிருந்தானா?’ என்ற ஒரு கேள்வியை, சாட்சி கூண்டைவிட்டு இறங்குவதற்குள் யாராவது கேட்டிருக்க வேண்டும்.